சர்க்கார் வேலையில் கொத்தனார் கூலி

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

பெரம்பலூர் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டது. அப்படியே போடுகிறேன்:

"எங்க மாமா கொத்தனார். 22 வருஷமா இதே வேலை. ஊருக்குள்ள வீட்டு வேலைக்குப் போனா நாளைக்கு 1,100, அது போக ரெண்டு வேளை டீ, வடை. இப்ப அரசுப் பள்ளிக்கூடத்துக்கு வகுப்பறை கட்டுற இடத்துல நிக்கிறார். அங்க 900. டீக்குச் சொந்தக் காசு. கேட்டா 'கவர்ன்மென்ட் ரேட்டே அவ்வளவுதான்'னு மேஸ்திரி சொல்றார். கவர்ன்மென்ட்டே குறைச்சுத்தான் கொடுக்குதா? சட்டப்படி என்ன கிடைக்கணும்?"

9 பிப்ரவரி, இரவு

தம்பி, 'கவர்ன்மென்ட் ரேட்' என்று ஒன்று இருக்கிறது. ஆனால் மேஸ்திரி சொல்கிற அர்த்தத்தில் இல்லை.

பொதுப்பணித் துறை வருஷா வருஷம் ஒரு விலைப் பட்டியல் போடும். சிமென்ட் மூட்டை, செங்கல், மணல், கம்பி எல்லாவற்றுக்கும் அதில் விலை உண்டு. முதல் வகுப்புக் கொத்தனார், இரண்டாம் வகுப்புக் கொத்தனார், தச்சர், மஸ்தூர் (சாதாரணக் கூலியாள்) என்று ஆளுக்கும் நாள் கூலி உண்டு. பத்து கன மீட்டர் செங்கல் கட்டு வேலைக்கு இத்தனை கொத்தனார் நாள், இத்தனை மஸ்தூர் நாள் என்று இன்னொரு கணக்கு இருக்கிறது. இரண்டையும் பெருக்கி, பொருள் விலையைச் சேர்த்தால் ஒரு கன மீட்டருக்கான ரேட் வரும். எஸ்டிமேட் போடுவது இப்படித்தான்.

அந்தக் கூலி எஸ்டிமேட்டோடு நின்றுவிடுகிறது. டெண்டர் திறந்த பிறகு ஒப்பந்தக்காரர் கையெழுத்துப் போடுவது கன மீட்டர் ரேட்டுக்கு, சதுர மீட்டர் ரேட்டுக்கு. அதற்குள் கொத்தனார் பங்கு எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே அரசு உங்கள் மாமாவுக்கு 900 என்று எங்கேயும் எழுதவில்லை. 1,100 கொடுக்கச் சொல்லியும் எழுதவில்லை.

கட்டாயம் என்று இருப்பது குறைந்தபட்சக் கூலி மட்டும். 2024 அக்டோபர் 1 முதல் கட்டுமான வேலைக்கு, ஏ பகுதியில், திறன் இல்லாத தொழிலாளிக்கு நாளைக்கு 783, பாதித் திறனுக்கு 868, திறன் தொழிலாளிக்கு 954, உயர்திறனுக்கு 1,035. கொத்தனார் திறன் தொழிலாளி. 954 கேட்கச் சொல்லுங்கள்.

10 பிப்ரவரி

தப்பு. இரண்டு பேர் சுட்டிக்காட்டிவிட்டார்கள், அதில் ஒருவர் கொஞ்சம் சூடாக. மேலே நான் கொடுத்தது மத்திய அரசு நிர்ணயித்த கூலி. ரயில்வே, மத்தியப் பொதுப்பணித் துறை மாதிரியான வேலைகளுக்குத்தான் அது. மாநில அரசு கட்டும் பள்ளிக்கூடத்துக்கு மாநில அரசின் குறைந்தபட்சக் கூலி அரசாணை. ஏ பகுதி என்பதும் பெருநகரம், பெரம்பலூர் அதில் வராது. ஆகவே மாமா 954-ஐத் தூக்கிக்கொண்டு போய் நிற்க வேண்டாம். நான் பதினொரு வருஷம் மத்திய அரசு வேலைகளில் சைட் சூப்பர்வைசராக இருந்தவன். வாயைத் திறந்தால் அந்தக் கணக்குதான் வருகிறது.

12 பிப்ரவரி

"அப்ப வீட்டு வேலைக்கே போயிரலாமே?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். போகலாம். ஆனால் வீட்டு வேலை பத்து நாள் இருக்கும், இருபது நாள் இருக்காது. வீட்டுக்காரர் பேங்க் லோன் அடுத்த தவணை வரும்வரை நிறுத்திவிடுவார். சர்க்கார் கட்டடம் என்றால் எட்டு மாதம் ஒரே இடம். 200 ரூபாய் குறைந்தாலும் ஆட்கள் போவது அதற்காகத்தான். ஒப்பந்தக்காரருக்கும் இது தெரியும்.

16 பிப்ரவரி, ஞாயிறு

இன்று வேலை இல்லை. கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மத்தியப் பொதுப்பணித் துறையின் பொது ஒப்பந்த நிபந்தனைகளில் 19-பி என்று ஒரு பிரிவு. ஒப்பந்தக்காரர் நேராக வைத்த ஆளுக்கும் சரி, சப் காண்ட்ராக்ட் மூலம் வந்த ஆளுக்கும் சரி, 'நியாயமான கூலி'க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்கிறது. முதல் தடவை படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடடா, குறைந்தபட்சம் என்று சொல்லாமல் நியாயம் என்று சொல்லியிருக்கிறார்களே! அப்புறம் பின்னால் இருக்கும் தொழிலாளர் விதிமுறைகளைப் புரட்டினேன். 'நியாயமான கூலி என்பது குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் நிர்ணயித்து அறிவிக்கப்பட்ட கூலி' என்று விளக்கம். போர்டில் பிரியாணி, உள்ளே போனால் தக்காளி சாதம்.

இத்தனைக்கும் இந்த நாட்டிலேயே இரண்டும் வேறு வேறு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சுதந்திரம் வந்த கையோடு நியாயக் கூலிக் குழு என்று ஒன்று போட்டார்கள். 1949-இல் வந்த அதன் அறிக்கையில் மூன்று படி: கீழே குறைந்தபட்சக் கூலி, மேலே வாழ்க்கைக் கூலி, இரண்டுக்கும் நடுவில் நியாயக் கூலி. தொழிலுக்குக் கொடுக்கிற சக்தி இருந்தால் குறைந்தபட்சத்தைத் தாண்டி மேலே போக வேண்டும் என்பது கருத்து. அரசாங்கத்துக்குக் கொடுக்கிற சக்தி இல்லை என்று யார் சொல்ல முடியும்? ஆனால் அரசின் சொந்த ஒப்பந்தத்திலேயே நடுப்படியைக் கீழ்ப்படியோடு ஒட்டிவிட்டார்கள்.

இன்னொன்று. முன்னால் சொன்ன மத்திய அரசுக் கூலியில் 783-க்கும் 954-க்கும் வித்தியாசம் 171 ரூபாய். மண் சுமக்க இன்று வந்த ஆளுக்கும் இருபது வருஷக் கொத்தனாருக்கும் நடுவில் சட்டம் பார்க்கிற தூரம் அவ்வளவுதான்.

என்னோடு ஒரு பெரியவர் பூச்சு வேலை செய்தார். பெயர் வேண்டாம், பெரிய கொத்தனார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். சுவரில் பூச்சுக் கனத்துக்கு அடையாளமான புல் மார்க் வைப்பதற்கு முன் ஒரு தடவை மூலையில் நின்று கண்ணை இடுக்கிப் பார்ப்பார். "நடுவுல அரை இஞ்சு வயிறு" என்பார். தூக்குக்குண்டு போட்டுப் பார்த்தால் அரை இஞ்சுதான் இருக்கும். கலவையை வீசும்போது கரண்டியிலிருந்து சுவருக்குப் போகிற சத்தம் ஒரே மாதிரி இருக்கும், தப் தப் என்று. கீழே விழுவது கையளவு. மற்றவர்கள் வீசினால் சித்தாள் தரையிலிருந்து அரைச் சட்டி அள்ளுவார். மட்டப்பலகை இழுத்து, மணியாஸ் கட்டை போட்டுத் தேய்த்து முடித்த பிறகு, சாயங்காலம் இருட்டினதும் செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக் காட்டுவார். மேடு பள்ளம் இருந்தால் நிழல் விழும். அவர் சுவரில் விழாது. இன்ஜினியர் வந்து தட்டிப் பார்க்கும்போது வேறு யாருடைய சுவரையாவது தட்டிவிடப் போகிறாரே என்று நாங்கள் அவரைப் பெரியவர் சுவர் பக்கம் நைஸாக நகர்த்திக்கொண்டு போவோம்.

அவருக்கும், ஆறு மாதம் முன்னால் கரண்டி பிடித்த பையனுக்கும் சம்பளப் பதிவேட்டில் ஒரே கூலி. இரண்டு பேரும் 'திறன்'.

16 பிப்ரவரி, பிற்பகல்

சாப்பிட்டுவிட்டு வந்து மேலே எழுதியதைப் படித்தேன். உயர்திறன் என்று ஒரு படி இருக்கிறதே, பெரியவரை ஏன் அதில் போடவில்லை என்று கேட்கலாம். போட்டதை நான் பார்த்ததே இல்லை. அந்தக் கட்டம் எப்போதும் காலி. சர்டிபிகேட் கேட்பார்கள் என்று ஒரு பயம். பெரியவர் படித்தது மூன்றாம் வகுப்பு.

17 பிப்ரவரி

'லெஸ்' பற்றிக் கேட்டிருக்கிறார்கள். டெண்டரில் எஸ்டிமேட்டைவிட எத்தனை சதவீதம் குறைத்துப் போடுகிறாரோ அதுதான் லெஸ். குறைவாகப் போட்டவருக்கு வேலை.

ஒரு கணக்குக்கு நூறு ரூபாய் வேலை என்று வையுங்கள். பொருளுக்கு 65, ஆளுக்கு 25, மிச்சம் 10 லாபமும் மேற்செலவும். ஒருவர் 12 சதவீதம் லெஸ் போட்டு வேலையைப் பிடிக்கிறார். சிமென்ட் கம்பெனி அவருக்காக விலையைக் குறைக்காது. கம்பி விலை அவர் கையில் இல்லை. லாபத்தை முழுசாக விட்டாலும் இன்னும் 2 ரூபாய் குறைகிறது. லாபத்தை விடுகிறவர் டெண்டரே போடமாட்டார். ஆகவே கலவையில் கைவைக்க வேண்டும், இல்லை கூலியில் கைவைக்க வேண்டும். நல்ல ஒப்பந்தக்காரர் கலவையைத் தொடமாட்டார் என்று சொல்வோம். அப்படிச் சொல்லும்போதே கூலியைத் தொடுவார் என்பதும் அதில் வந்துவிடுகிறது.

இன்னொரு சதவீதமும் உண்டு. அதை எழுத ஆரம்பித்தால் இந்த இழை எங்கேயோ போய்விடும். விடுங்கள்.

22 பிப்ரவரி, சனி

இன்று சம்பள நாள், அதனால் ஒரு வேடிக்கை.

ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், 1970, இருபது பேர் இருந்தால்தான் பொருந்தும். நான் பார்த்த சைட்டுகளில் பதிவேட்டில் எப்போதும் 19 பேர். மழைக்காலத்தில் 19, கோடையில் 19, கான்கிரீட் போடுகிற அன்று ஊரே திரண்டு நின்றாலும் 19. அந்த இருபதாவது ஆளை யாரும் பார்த்ததில்லை. கிடைத்தால் மாலை போடலாம்.

23 பிப்ரவரி

விலை உயர்வு ஈடு பற்றி ஒரு நண்பர் கேட்டது முக்கியமான கேள்வி. நீண்ட கால வேலை என்றால் நடுவில் சிமென்ட் ஏறும், கூலி ஏறும். ஒப்பந்தக்காரருக்கு அதை ஈடுகட்ட மத்தியப் பொதுப்பணித் துறை ஒப்பந்தத்தில் 10-சிசி என்ற பிரிவு. ஒரு சூத்திரம். கூலிப் பங்குக்கான உயர்வை எதை வைத்துக் கணக்கிடுகிறார்கள் தெரியுமா? திறன் இல்லாத, வயது வந்த ஆண் மஸ்தூரின் குறைந்தபட்சக் கூலி எவ்வளவு ஏறியது என்பதை வைத்து. கொத்தனார் கூலி ஊரில் என்ன ஆனது என்பதற்கு அந்தச் சூத்திரத்தில் இடமே இல்லை. டைல்ஸ் போடுகிறவருக்கு ஆள் தட்டுப்பாடு வந்து ஒரே வருஷத்தில் 200 ரூபாய் ஏறினாலும் காகிதத்துக்கு அது தெரியாது.

இதை நான் பத்து வருஷம் பில் போடும்போது எழுதியிருக்கிறேன். ஒரு நாளும் உறைக்கவில்லை. இந்த இழைக்காகத் திரும்ப யோசித்தபோதுதான் கண்ணில் பட்டது.

2 மார்ச், ஞாயிறு

"மேஸ்திரிகள்தான் திருடர்கள், அவர்களைப் பற்றி ஏன் வாயைத் திறக்கவில்லை?" இது போன வாரம் வந்தது. யார் எழுதியது என்று தெரியும், என்னோடு வேலை பார்த்தவர்தான். சரி, எழுதுகிறேன்.

முதலில் ஆசியாட் வழக்கு. 1982-இல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி. அதற்காக மேம்பாலம், ஸ்டேடியம், ஹோட்டல் என்று எல்லாம் அவசரமாகக் கட்டினார்கள். அங்கே கூலி சரியாகத் தரவில்லை என்று மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான சங்கம் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதியது. நீதிபதி பகவதி அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டார். அன்று குறைந்தபட்சக் கூலி 9 ரூபாய் 25 காசு. ஒப்பந்தக்காரர் அதை, ஆட்களைக் கூட்டி வந்த ஜமேதாரிடம் கொடுப்பார். ஜமேதார் தலைக்கு 1 ரூபாய் கமிஷன் எடுத்துக்கொண்டு 8.25 கொடுப்பார். பெண்களுக்கு 7 ரூபாய்தான். குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக ஒருவன் வேலை செய்கிறான் என்றால் அது பசியின் கட்டாயம், ஆகவே அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கிற கட்டாய உழைப்பு அதுவும்தான் என்று செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிட்டோம் என்று சொல்லி அரசு கை கழுவ முடியாது என்றும் சொன்னார்கள். நான் முன்னால் சொன்ன 19-பி பிரிவில் 'கூலியிலிருந்து ஜமேதார் கமிஷனாகவோ வேறு வகையிலோ எதுவும் பிடிக்கக் கூடாது' என்று ஒரு வரி இருக்கிறது.

அந்த வரியை நான் நிறையத் தடவை படித்திருக்கிறேன். ஜமேதார் என்றால் யாரோ வடக்கே தலைப்பாகை கட்டிக்கொண்டு இருப்பவர் என்றுதான் மனதில் இருந்தது.

2012-இல் சூப்பர்வைசர் வேலையை விட்டுவிட்டு நானே பன்னிரண்டு பேரை வைத்துப் பூச்சு வேலை எடுக்க ஆரம்பித்தேன். முதல் வேலை ஒரு அரசுக் கட்டடம். எந்தத் துறை, எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். ஒப்பந்தக்காரர் எனக்குக் கொத்தனார் தலைக்கு 650 கொடுத்தார். நான் ஆளுக்கு 600 கொடுத்தேன். 50 எனக்கு.

இதை எழுதிவிட்டுக் கணக்குப் போட்டேன். ஆசியாட் ஜமேதார் 9.25-க்கு 1 ரூபாய், அதாவது நூற்றுக்கு 11 கிட்ட. நான் 650-க்கு 50, நூற்றுக்கு 8 கூட இல்லை. அவனைவிடப் பரவாயில்லை என்று ஒரு நிமிஷம் ஆறுதல்பட்டுக்கொண்டேன். அப்புறம் அந்த ஆறுதலே அசிங்கமாக இருந்தது.

என் பக்கத்து நியாயமும் இருக்கிறது. ஆட்களைக் கூட்டிவருவது நான். பொங்கலுக்கு அட்வான்ஸ் கொடுப்பது நான். சாரத்துக்கு மூங்கிலும் கயிறும் என்னுடையது. அந்தக் கட்டடத்துக்குக் கடைசி பில் பதினான்கு மாதம் கழித்து வந்தது. அதுவரை வட்டிக்கு வாங்கிச் சனிக்கிழமை சம்பளம் போட்டது நான். ஒரு சனிக்கிழமை போட முடியவில்லை. பெரிய கொத்தனார் வண்டிக்குக் கூடக் காசு கேட்காமல் நடந்து போனார். ஆறு கிலோமீட்டர்.

அதற்கெல்லாம் கூலி வேண்டாமா? வேண்டும். ஆனால் அதை ஒப்பந்தக்காரரிடம் தனியாகக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். கேட்டால் அடுத்த வேலை கொடுக்கமாட்டார். ஆட்களிடம் எடுத்தால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். அதனால் அங்கே எடுத்தேன்.

2 மார்ச், இரவு

பெரியவருக்குப் போன் போட்டேன். இப்போது வேலைக்குப் போவதில்லை, முட்டி வலி. அந்த 50 ரூபாய் விஷயம் அப்போதே தெரியுமா என்று கேட்டேன். "தெரியும் தம்பி. மத்த மேஸ்திரி 80 எடுத்தாங்க" என்றார். பிறகு பேத்தி பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

3 மார்ச்

இல்லை, மேலே சொன்னதில் ஒரு ஓட்டை. பேங்க் கணக்கில் போட்டுவிட்டால் மேஸ்திரி எடுக்க முடியாதே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல யோசனைதான், இப்போது நிறைய இடத்தில் அப்படித்தான். நான் சூப்பர்வைசராக இருந்த ஒரு சைட்டில் எல்லோர் ஏ.டி.எம். கார்டும் ஒரு பிஸ்கட் டப்பாவில் ஆபீஸ் மேசை மேல் இருந்தது. பின் நம்பர் கார்டின் பின்னாலேயே பேனாவால் எழுதியிருக்கும். மாதம் 5-ஆம் தேதி ஒரு பையன் டப்பாவோடு பைக்கில் போவான். பதிவேட்டில் 26 நாள், முழுக் கூலி, கையெழுத்து, எல்லாம் சுத்தம். அந்தப் பதிவேட்டை எழுதியது யார் என்று கேட்காதீர்கள். என் கையெழுத்து அப்போது அழகாக இருக்கும்.

9 மார்ச்

நேற்று மகளிர் தினம். எல்லா குரூப்பிலும் ரோஜாப்பூ.

சித்தாள் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. என் குழுவில் ஒரு அக்கா பதினாறு வருஷம் சித்தாள். கலவையின் பதம் அவருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. கையால் உருட்டிப் பார்த்து "மண்ணு ஓவரு" என்பார், சரியாக இருக்கும். கொத்தனார் டீ குடிக்கப் போன நேரத்தில் கரண்டியை எடுத்து ஜன்னல் ஓரம் பூசி வைத்துவிடுவார். கொத்தனார் வந்து தன் வேலை மாதிரியே விட்டுவிடுவார். பதினாறு வருஷமும் கூலி, கொத்தனார் கூலியில் பாதிக்குக் கொஞ்சம் மேல். சம ஊதியச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. ஆனால் அது 'ஒரே வேலை அல்லது அதே மாதிரியான வேலை'க்குச் சம கூலி என்கிறது. நடைமுறையில் வேலையின் பெயரை மாற்றி வைத்துவிட்டால் சட்டம் வெளியே நிற்கும். கரண்டி பிடித்தால் கொத்தனார். அக்கா கரண்டி பிடித்தால் சித்தாள் கரண்டி பிடித்தாள், அவ்வளவுதான்.

நான் ஏன் அவரைக் கொத்தனாராக ஏற்றவில்லை என்று நீங்கள் கேட்கும் முன் நானே சொல்கிறேன். தோன்றவே இல்லை.

20 ஏப்ரல்

ஒரு மாதம் வரவில்லை, வேலை. அதற்குள் இழையில் சண்டை. 'வடக்கத்திக்காரங்க வந்துதான் கூலி இறங்கிச்சு' என்று பத்துப் பேர்.

அமெரிக்காவில் டேவிஸ்-பேக்கன் சட்டம் என்று ஒன்று உண்டு. 1931-இல் வந்தது. மத்திய அரசு கட்டுமான ஒப்பந்தம் 2,000 டாலருக்கு மேல் போனால், அந்த ஊரில் அந்தத் தொழிலுக்கு என்ன கூலி நடக்கிறதோ அதற்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். தச்சருக்குத் தனி, கொத்தனாருக்குத் தனி, பிளம்பருக்குத் தனி. யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று ஒப்பந்தக்காரர் வாரா வாரம் கையெழுத்திட்டு அரசுக்குக் காட்ட வேண்டும். வாங்கிய கூலியில் பங்கு திருப்பிக் கேட்டால் குற்றம் என்று 1934-இல் இன்னொரு சட்டம். என் 50 ரூபாய் அங்கே ஜெயில்.

ஆனால் அது பிறந்த கதை இருக்கிறதே. நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் அரசு மருத்துவமனை கட்டும் வேலையை அலபாமாவிலிருந்து வந்த ஒப்பந்தக்காரர் எடுத்தார். தெற்கிலிருந்தே ஆட்களைக் கூட்டி வந்தார், குறைந்த கூலிக்கு. அவர்களில் கறுப்பினத்தவர் இருந்தார்கள். அந்தத் தொகுதி எம்.பி.யான பேக்கன் 1927-இல் மசோதா கொண்டுவந்தார். 'நம்ம ஆள் வேலை போகுது' என்ற கோபம் அதில் பாதி. நியாயக் கூலிச் சட்டமா, வெளியூர்க்காரனை விரட்டுகிற சட்டமா என்று அங்கே இன்னும் விவாதம் நடக்கிறது.

நம் சண்டையும் அதேதான். பீகார்ப் பையன் 700-க்கு வருவது அவன் குற்றமா? அவனுக்கும் 1,100 கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருந்து, அதை யாராவது பார்த்தால், அவனை அவ்வளவு தூரத்திலிருந்து கூட்டி வர ஒப்பந்தக்காரருக்கு என்ன அவசியம்? இத்தனைக்கும் வெளிமாநிலத் தொழிலாளிக்கு இடப்பெயர்ச்சிப் படி, பயணப் படி எல்லாம் கொடுக்கச் சொல்லி 1979-இலேயே சட்டம் போட்டாகிவிட்டது. முறைப்படி கொடுத்தால் அவன்தான் விலை கூடின ஆள். கொடுப்பதில்லை, அதனால் மலிவு.

21 ஏப்ரல்

நேற்று விட்டுப்போனது. இங்கிலாந்து இதைவிடப் பழசு. 1891 பிப்ரவரியில் அவர்கள் நாடாளுமன்றத்தில் ஒரு தீர்மானம். அரசு ஒப்பந்தங்களில் உள்குத்தகை விடுவதால் வருகிற முறைகேட்டைத் தடுக்க வேண்டும், அந்தந்தத் தொழிலில் தேர்ந்த தொழிலாளிக்கு நடப்பிலிருக்கிற கூலி கிடைக்கப் பார்க்க வேண்டும் என்று. 'தேர்ந்த' என்ற சொல்லைக் கவனியுங்கள். உள்குத்தகை என்பதையும். 134 வருஷம் முன்னாலேயே நோய் எது என்று தெரிந்திருக்கிறது. தாட்சர் காலத்தில், 1983-இல், அவர்களே அந்தத் தீர்மானத்தை ரத்தும் செய்துவிட்டார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வின் 94-ஆம் உடன்படிக்கை, 1949, இதே விஷயம்தான். நாம் அதில் சேரவில்லை.

7 டிசம்பர் 2025

பழைய இழையைத் தோண்டுகிறேன், மன்னிக்க வேண்டாம், காரணம் இருக்கிறது. நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்துவிட்டன. ஆகவே மேலே நான் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் (1948), 1970 சட்டம், 1976 சட்டம், 1979 சட்டம் என்று எழுதியதெல்லாம் இனி அந்தத் தொகுப்புகளுக்குள் தேட வேண்டும்.

நம் ஆட்களுக்கு நேராகப் படுவது இரண்டு. ஊதியத் தொகுப்பில், நாள் கூலி என்றால் அன்று வேலை முடியும்போதே கொடுக்க வேண்டும், வாரக்கூலி என்றால் வாரத்தின் கடைசி வேலை நாளில், வாராந்திர விடுமுறைக்கு முன். சனிக்கிழமை சம்பளத்துக்கு இப்போது எழுத்தில் ஆதாரம் இருக்கிறது. இரண்டாவது, ஒப்பந்தத் தொழிலாளர் பகுதிக்கான எண்ணிக்கை 20-லிருந்து 50 ஆகிவிட்டது.

பதிவேடு எழுதுகிற பையன்களுக்கு ஒரு செய்தி: இனி 49.

14 டிசம்பர்

பெரம்பலூர்த் தம்பி திரும்ப வந்திருக்கிறார். மாமா இப்போது வேறொரு அரசுக் கட்டடத்தில். நாள் கூலி கிடையாது, பூச்சு வேலை சதுர அடி 20 ரூபாய் என்று பேசியிருக்கிறார்கள். நல்லதா என்று கேட்கிறார்.

கை ஓடுகிறவருக்கு நல்லதுதான். பெரியவர் மாதிரி ஆட்கள் சதுர அடி ரேட்டில்தான் தங்கள் திறமைக்குக் காசு பார்த்தார்கள். ஆனால் அளவில் ஏமாறக் கூடாது. நான் பில் போட்டவன், அதனால் சொல்கிறேன்.

ஜன்னல், கதவுத் துவாரத்தை எப்படிக் கழிப்பது என்று இந்தியத் தரக் குறியீடு 1200-இல் இருக்கிறது. அரை சதுர மீட்டர் வரை கழிவே கிடையாது. அரையிலிருந்து மூன்று சதுர மீட்டர் வரை ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும். மறுபக்கத்தைக் கழிக்காமல் விடுவது துவாரத்தின் உள்விளிம்பைப் பூசுகிறோமே, அதற்கு ஈடாக. ஒப்பந்தக்காரர் அளவுப் புத்தகத்தில் இப்படித்தான் எழுதிக் காசு வாங்குவார். கொத்தனாருக்குக் கணக்குப் பார்க்கும்போது உள்ளேயும் கழிப்பார், வெளியேயும் கழிப்பார். விளிம்பைச் சேர்க்கவும் மாட்டார்.

20-க்கு 20 வகுப்பறை. நான்கு அடிக்கு ஐந்து அடியில் நாலு ஜன்னல், 80 சதுர அடி. மூன்றரைக்கு ஏழில் ஒரு கதவு, 24.5. மொத்தம் 104.5. எதுவும் மூன்று சதுர மீட்டரைத் தாண்டவில்லை. ஆகவே ஒரு பக்கம்தான் கழிவு. இரண்டு பக்கமும் கழித்தால் ஒரு அறைக்கு 104.5 சதுர அடி போச்சு, 20 ரூபாய் வீதம் 2,090. மாமாவின் இரண்டு நாள்.

மாமாவிடம் டேப் இருக்கும். சாரம் பிரிப்பதற்கு முன் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதச் சொல்லுங்கள். முதல் பக்கத்தில் சுவர் வேண்டாம், ஜன்னல்களை எழுதட்டும்.